தானியங்கி பிரேக்கும் நேர்மைப் பேரவையும்

உலகத்தில் நேர்மை என்று ஒன்று இருக்கிறது. அது ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது, அந்தக் கட்டிடத்துக்கு லிஃப்ட் கிடையாது. இதெல்லாம் கண்ணாடிக்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரியவந்தது. அதுவரை அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம்களை வளைத்துச் சரிசெய்துகொண்டு, வாடிக்கையாளர்களின் மூக்கையும் காதையும் தவிர ஊர் விஷயம் எதிலும் தலையிடாமல் இருந்தார்.

அவருக்கு ஒரே மகள். இருபத்திரண்டு வயது. உடம்பில் உள்ள தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துபோகும் நோய் அவளுக்கு. முதலில் கால் போனது. சக்கர நாற்காலி வந்தது. டாக்டர் நல்ல மனுஷர், வழவழவென்று பேசாமல் ஒரு நாள் கண்ணாடிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கை இன்னும் ஒரு வருஷம் தாங்கும். கையால செய்யணும்னு அவ ஆசைப்படறது ஏதாவது இருந்தா, தள்ளிப் போடாதீங்க."

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. இணையத்தில் நடக்கிற கார்ப் பந்தயத்தில், முதல் பிரிவில், ஒரு தடவை ஓட்ட வேண்டும். ஜெயிக்கக்கூட வேண்டாம், ஓட்டினால் போதும்.

கண்ணாடிக்காரருக்கு இந்த விளையாட்டில் தலையும் புரியாது, வாலும் புரியாது. மகள் மேசையில் ஒரு ஸ்டியரிங்கைத் திருகி மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்காருவாள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்திருப்பவர்கள் அவளோடு போட்டி போடுவார்கள். அங்கே அவள் பெயர் 'சுண்டெலி'. சந்து கிடைத்தால் புகுந்துவிடுவாள் என்பதால் மற்றவர்கள் வைத்த பெயர். காலால் எதையும் மிதிக்க முடியாது என்பதால் வேகத்தை விரலாலேயே கொடுப்பாள். பிரேக் பிடிக்கிற வேலையை மட்டும் விளையாட்டே பார்த்துக்கொள்ளும். அதற்குத் தானியங்கி பிரேக் என்று பெயர். விளையாட்டை உண்டாக்கியவர்களே உள்ளே வைத்த வசதி, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் யாரும் போட்டுக்கொள்வதில்லை. ஏனென்றால் அந்தப் பிரேக் ஒரு பயந்தாங்கொள்ளி. வளைவு வருவதற்கு வெகுநேரம் முன்பே பிடித்துவிடும். ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் பின்தங்கி, அந்தக் கொஞ்சத்தை எல்லாம் வேறு எங்கோ மீட்டு, இரண்டாம் பிரிவில் அவள் மேலே வந்துகொண்டிருந்தாள். எப்படி மீட்கிறாள் என்று அப்பா ஒரு முறை கேட்டார். "மத்தவங்க தப்புப் பண்ற வரைக்கும் காத்திருப்பேன்பா," என்றாள்.

அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயத்தில் 'சூறாவளி' என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட ஒருவன் அந்தத் தப்பைப் பண்ணினான். பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து, வளைவில் வெளியே வழுக்கிக்கொண்டு போனான். சுண்டெலி உள்ளே புகுந்தாள். அதோடு முதல் பிரிவுக்குத் தகுதியும் பெற்றாள். அன்றைக்கு வீட்டில் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

சூறாவளி சும்மா இருப்பானா? பந்தயக் கூட்டமைப்பின் நேர்மைப் பேரவைக்குப் புகார் போனது. "கார் தானா பிரேக் பிடிக்குது. இவ சும்மா உக்காந்துக்கிட்டு இருக்கா" என்பது அதன் சாரம். அவள் உட்கார்ந்துகொண்டிருக்கிறாள் என்பது என்னவோ உண்மைதான்.

விசாரணைக்கு நேரில் வரச் சொல்லிப் பேரவை கூப்பிட்டது. பந்தயம் முழுக்க இணையத்தில் நடக்கிறதே, விசாரணையையும் அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கண்ணாடிக்காரர் தொலைபேசியில் கேட்டார். "விளையாட்டை அப்படி நடத்தலாம் சார். நேர்மையை நேர்லதான் பாக்கணும்," என்றார் செயலாளர்.

மகளோடு போனவர் படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிட்டார். சக்கர நாற்காலி ஏற வழி இல்லை. மகள் சொன்னாள், "நீ போயிட்டு வாப்பா. நான் இங்கயே இருக்கேன். பிரேக் எப்பவும் சீக்கிரமா பிடிக்கும், அதனால நஷ்டம் எனக்குத்தான்னு மட்டும் சொல்லு. மறந்துடாத."

அவர் அதையே முணுமுணுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். அறையில் நீள மேசை, அதன் பின்னால் தலைவர், செயலாளர், தொழில்நுட்ப உறுப்பினர். குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. உதவியாளர் ஒருவர் தலைவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார், இன்னொருவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

"பொண்ணு எங்க?" என்றார் தலைவர்.

"கீழ இருக்கா சார். படி ஏற முடியாது."

"பாத்தீங்களா?" தலைவர் மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார். "இங்கதான் நாம நேர்மைன்னா என்னன்னு புரிஞ்சுக்கணும். இந்தப் படிக்கட்டு ஏழை, பணக்காரன்னு பாக்குதா? கால் இருக்கிறவன், இல்லாதவன்னு பாக்குதா? எல்லாருக்கும் ஒரே படி, ஒரே உயரம். ஒருத்தருக்காக அது குனியாது. நம்ம பேரவையும் அப்படித்தான்."

கண்ணாடிக்காரர் மகள் சொல்லி அனுப்பியதைச் சொன்னார். தொழில்நுட்ப உறுப்பினர் தலையாட்டினார். தானியங்கி பிரேக் போட்டவர் மெதுவாகத்தான் போவார் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது. "ஆனா அதுதான் சார் சிக்கலே," என்றார். "உதவி வாங்கியும் ஜெயிக்காம இருந்தா அது இரக்கம். உதவி வாங்கி ஜெயிச்சுட்டா அது மோசடி. உங்க பொண்ணு தோத்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது."

தலைவர் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்று நினைத்திருப்பார். "நான் வாழ்க்கையில யார்கிட்டயும் உதவின்னு போய் நின்னதில்ல. இந்தப் பதவியைக்கூட என் மாமனார் அவராத்தான் கொடுத்தார், நான் கேக்கல. தினம் இங்க கார்லதான் வரேன். எனக்காகக் கொஞ்சம் ஓட்டுங்கன்னு ஒரு நாளாவது யாரையாவது கேட்டிருக்கேனா? சந்தேகம்னா என் டிரைவரையே கேட்டுப் பாருங்க."

கண்ணாடிக்காரர் சந்தேகப்படவில்லை. பயந்து போயிருந்தார். அடுத்து அவர் கையில் உறுதிமொழி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அங்கேதான் வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டார். பெரிய மனிதர்கள் முன்னால் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்து, "கண்ணாடி போட்டுக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டார்.

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் மூக்கின் மேல் இருந்த தடித்த கண்ணாடியை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"கண்ணாடியும் உதவிதானே?" என்றார் தொழில்நுட்ப உறுப்பினர் தாழ்ந்த குரலில்.

கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிவிட்டது. சுண்டெலியின் விஷயத்தை ஒத்திவைத்துவிட்டுப் பேரவை உதவி என்றால் என்ன என்று முதலிலிருந்து ஆராயத் தொடங்கியது. மூக்குக்கண்ணாடி, முதுகுக்கு வைக்கும் தலையணை, மின்விசிறி எல்லாம் உதவிப் பட்டியலில் சேர்ந்தன. பந்தய நேரத்தில் டீ கொண்டுவந்து வைக்கிற அம்மா உள்ள வீரர்களும், அப்படிப்பட்ட அம்மா இல்லாத வீரர்களும் ஒரே பிரிவில் ஓட்டுவது எந்த ஊர் நியாயம் என்று ஒரு துணைக்குழு கேட்டது. அம்மா டீயைச் சொல்லாமல் வைத்தால் உதவியா, கேட்டு வைத்தால்தான் உதவியா என்பதில் அந்தத் துணைக்குழுவே இரண்டாக உடைந்தது. பேரவையின் ஆட்கள் மட்டும் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவர்கள் போட்டியாளர்கள் இல்லையே.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? நீங்கபாட்டுக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சா யாரு கேக்கப் போறாங்க?"

இப்படியே மாதங்கள் போயின. மகள் தினமும் பயிற்சி செய்தாள். அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் அந்த இடைவெளியில் மடங்க மறுத்துவிட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தட்டை எடுக்கும்போது அம்மாதான் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஒருவழியாகப் பேரவை ஒரு முடிவுக்கு வந்தது. உதவி இல்லாமல் ஓட்டவே முடியாது என்று நிரூபிப்பவருக்கு உதவி உண்டு. நிரூபிக்கும் வழி சுலபம். பரிசோதகர் வீட்டுக்கு வருவார். தானியங்கி பிரேக்கை அணைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டச் சொல்வார். ஓட்ட முடியாமல் போனால் அனுமதி அங்கேயே கையில்.

கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது. இதைவிடச் சுலபமான தேர்வு உண்டா? தோற்றால் ஜெயித்தாயிற்று. பரிசோதகர் வருகிற நாள் காலையில் மகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே சொன்னார்: "முதல் வளைவுலயே நேரா சுவத்துல கொண்டு போய் முட்டிடு கண்ணு. அவ்வளவுதான். பிரேக்கை மிதிக்க முடியலன்னு அவர் கண்ணால பாத்தா போதும்."

"சரிப்பா," என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

பரிசோதகர் பணிவான மனிதர். செருப்பை வெளியே விட்டு வந்து, கொண்டுவந்த பிரேக் மிதியை அவள் காலடியில் வைத்து, பாதத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். பாதம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அவர் அதைக் குறித்துக்கொண்டார். கார் கிளம்பியது. நேர்ச்சாலை முடிந்து முதல் வளைவு வந்தது. கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கார் சுவரில் முட்டவில்லை. வெகு தூரத்திலேயே அவள் வேகம் கொடுப்பதை நிறுத்தியிருந்தாள். கியரை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, இன்ஜினை அலறவிட்டு, ஒரு பக்கச் சக்கரங்களைப் புல்லில் தேய்த்துத் தேய்த்து வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் திரும்பிவிட்டாள். அடுத்த வளைவிலும் அதேதான். மூன்றாவதில் காரே குறுக்கே போனது. அவள் தோளோடு உடம்பைச் சாய்த்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். காது சிவந்து, நெற்றியில் வியர்வை ஓடியது. "விடு, விட்டுடு" என்று அப்பாவின் உதடு மட்டும் அசைந்தது. ஆனால் அவருடைய கை அவரையே அறியாமல் மூடிக்கொண்டு, வா வா என்று காரை இழுத்துக்கொண்டிருந்தது. சுற்று முடிந்து கோட்டைத் தாண்டியதும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கால் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. பரிசோதகர் தன்னை மறந்து கைதட்டினார்.

கைதட்டிவிட்டு, "முடிகிறது" என்று எழுதிக்கொண்டு போனார்.

"ஏன் கண்ணு?" என்றார் கண்ணாடிக்காரர். கோபமாகக் கேட்க நினைத்தார், வரவில்லை.

"முட்டத்தான்பா போனேன்." அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "வளைவு வந்ததும் திரும்பிடுச்சு. வேணும்னு எப்படி இடிக்கிறதுன்னு எனக்குத் தெரியலப்பா."

பேரவை மகிழ்ச்சி அடைந்தது. இப்படிப்பட்ட திறமைசாலிக்கு உதவி கொடுப்பது அவரை அவமானப்படுத்துவது ஆகும் என்று தீர்மானம் போட்டது. உதவி இல்லாமல், அந்த ஒரு சுற்றை ஓட்டியது மாதிரியே முழுப் பந்தயத்தையும் அவர் ஓட்டிக்கொள்ளலாம், தடை ஏதும் இல்லை. அந்த ஒரு சுற்றுக்குப் பிறகு அவள் தோளைத் தூக்க முடியாமல் படுத்துக் கிடந்தது பேரவைக்குத் தெரியாது. தெரிவிக்கப்பட்டபோது, ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதிதான் என்று பதில் வந்தது.

கண்ணாடிக்காரர் மேல்முறையீடு செய்தார். மேல்முறையீட்டைக் கேட்பதும் அதே மூன்று பேர்தான். மேசையில் இடம் மாறி உட்கார்ந்தார்கள். மறுபரிசோதனைக்கு உத்தரவானது. அது நடக்கும்போது அவள் கையில் பாதி விரல்கள் ஸ்டியரிங்கைச் சுற்ற மறுத்துவிட்டன. இந்த முறை கண்ணாடிக்காரர் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் உயிரைக் கொடுத்துத் திருப்பினாள். கார் முதல் வளைவில் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. மறுபடி ஓட்டினாள், மறுபடி முட்டியது. அவள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அனுமதி கிடைத்துவிடும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

பரிசோதகர் தயங்கினார். "போன தடவை நல்லா ஓட்டினாங்களே சார்."

"ஆமா."

"இப்ப முடியலன்னா என்ன அர்த்தம்?"

"முடியாமப் போயிருச்சுன்னு அர்த்தம்யா!" அவர் வாழ்க்கையில் ஒரு அதிகாரியிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

பரிசோதகர் தன் கையில் இருந்த படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். பாவம், அவரும் என்ன செய்வார்? "அப்படி ஒரு கட்டமே இதுல இல்லையே சார். 'முடியாது', 'முடிகிறது', 'நடிக்கிறார்' இந்த மூணுதான். ஒரு தடவை 'முடிகிறது'ன்னு எழுதிட்டா அப்புறம் 'முடியாது' போட முடியாது." மூன்றாவது கட்டத்தில் குறி போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நடிக்கிறார் என்று எழுதிய பிறகு பேரவை அவளைத் தண்டிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். தலைவர் பெருந்தன்மையானவர். அவளுடைய முதல் பரிசோதனைச் சுற்றின் படத்தைக் கூட்டமைப்பின் விளம்பரங்களில் போடச் சொன்னார். 'உதவியை மறுத்த வீராங்கனை' என்று கீழே எழுதியிருந்தது. அதைக் காட்டி இன்னும் நாலு பேருடைய கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தார்கள். ஒரு கை இல்லாத ஒருவர் சுண்டெலிக்கே எழுதியிருந்தார்: 'உங்களால் எங்களுக்கும் இல்லை என்று ஆகிவிட்டது.' அதைப் படித்த பிறகு அவள் இரண்டு நாள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

பிறகு விருது என்றார்கள். முதல் பிரிவின் தொடக்கப் பந்தயம் நடக்கும் அன்றைக்கு, அதே மூன்றாம் மாடி அரங்கத்தில், பந்தயத்துக்கு முன்னால்.

"இவங்க மூஞ்சியில முழிக்கவே வேண்டாம்," என்றாள் மனைவி.

"போகலாம்மா," என்றாள் மகள். "தலைவர்கிட்ட நானே நேர்ல கேக்கறேன். இன்னும் ரெண்டு விரல் இருக்கு. ஸ்டியரிங்குக்கும் ஒரு உதவி போட்டுக்கிட்டா ஒரு பந்தயம் ஓட்டிடுவேன். கடைசியா வந்தாலும் பரவாயில்ல. என் முகத்தைப் பாத்தா இல்லன்னு சொல்ல மாட்டாரு."

அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள். நாலு தொண்டர்கள் சக்கர நாற்காலியோடு மகளைத் தூக்கி ஏற்றினார்கள். மாடிக்கு மாடி இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். வாசலில் காத்திருந்த தலைவர் கூட்டத்தைப் பார்த்து, "பாருங்க, படி ஏற முடியாதுன்னு சொன்னாங்க. ஏறி வந்துட்டாங்களா இல்லையா? மனசு இருந்தா மார்க்கம் உண்டு!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தொண்டர்களும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தட்டினார்கள்.

மேடையில் தலைவர் வெகுநேரம் பேசினார். அவளுடைய கார் எண்ணை இனி எவரும் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தார். அது நிரந்தர மரியாதை, அந்தத் தடை அவளுக்கும் பொருந்தும். பிறகு ஒலிவாங்கியை அவள் வாயருகே பிடித்தார்.

அவள் பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள். "சார், எனக்குக் கோப்பை வேண்டாம். இன்னைக்கு ஒரே ஒரு பந்தயம் ஓட்ட விடுங்க. உதவி போட்டுக்கிட்டு. எனக்குப் புள்ளி எதுவும் கொடுக்காதீங்க. அடுத்த மாசம் என்னால முடியாது சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது, இதுதான் போராட்ட குணம்!" என்றார். "விருது வாங்கற நேரத்துலயும் பந்தயத்தைத்தான் நினைக்குது பாருங்க இந்தப் பொண்ணு! இவங்களுக்குப் போய் ஒரு உதவியைக் கொடுத்து இந்த நெருப்பை நாம அணைக்கலாமா?" கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவள் இன்னும் ஏதோ சொன்னாள். ஒலிவாங்கி நகர்ந்துவிட்டிருந்தது.

கோப்பையை மடியில் வைத்தார்கள். கனமான கோப்பை. சாயாமல் இருக்கக் கண்ணாடிக்காரர் பின்னாலிருந்து குனிந்து பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்க கை படத்துல தெரியுது," என்றார் படம் எடுப்பவர். "கொஞ்சம் எடுத்துக்கோங்க."

"எடுத்தா விழுந்துடும் தம்பி."

"ஒரே செகண்ட் தான். 'யாருடைய உதவியும் இன்றி'ன்னு கீழ போடணும். கை இருந்தா நல்லா இருக்காது."

கண்ணாடிக்காரர் மகளைப் பார்த்தார்.

"எடுத்துடுப்பா," என்றாள். "விழட்டும்."

அவர் கையை எடுத்தார். வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. கோப்பை உருண்டு மேடைக்குக் கீழே போய்ப் பிடி ஒடிந்து கிடந்தது. ஆனால் படம் அருமையாக வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் கோப்பை நேராகத்தான் இருக்கிறது.

அதற்குள் பந்தயத்துக்கு மணி அடித்தது. விளக்கை அணைத்துப் பெரிய திரையைப் போட்டார்கள். தொண்டர்கள் நாலு பேரும் முன்வரிசைக்கு ஓடிவிட்டார்கள். விருந்தினரை மேலே கொண்டுவருவதுதான் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. கீழே இறக்குவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. செயலாளரிடம் கேட்டதற்கு, முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

முடியும்வரை அவளை அந்த இருட்டில் உட்கார வைத்திருக்கக் கண்ணாடிக்காரருக்கு மனம் வரவில்லை. நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, மகளை இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு படி இறங்கத் தொடங்கினார். முன்பெல்லாம் தூக்கும்போது அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். இப்போது கைகள் தொங்கிக்கொண்டு வந்தன. தலை மட்டும் அவர் தோளில் இருந்தது. மேலிருந்து கார்களின் இரைச்சல் படிக்கட்டு முழுக்க இறங்கி வந்தது. ஒரு திருப்பத்தில் அவர் மூச்சு வாங்க நின்றார். மேலே டயர்கள் கிறீச்சிட்டன, கூட்டம் 'ஓ' என்றது.

"லேட்டா பிடிச்சுட்டான்பா," என்றாள் அவர் காதுக்குள். "வெளிய போயிட்டான். உள்ள இடம் இருக்கு."

சட்டைத் தோள் நனைவது தெரிந்தது. துடைத்துவிட அவருக்குக் கை இல்லை. அடுத்த படியில் கால் வைத்தார்.